எழுத்தின் மேல் பொடியெழுத்து

நோஷிரோவில், மீன்சந்தைக்குப் பின்தெரு.
எங்கள் சலவைக்கடை ரசீதில்
ஐந்தாவது கட்டத்துக்குத் தலைப்பு ஒரே சொல்.
யோகொரே என்று வாசித்தால் அழுக்கு:
சோயா, சேறு, கணவாய் மை, காலரில் வியர்வை.
கெகாரே என்று வாசித்தால் தீட்டு.
அதற்கு எங்களிடம் மருந்தில்லை, விலைப்பட்டியலும் இல்லை.
எழுதினால் இரண்டும் ஒன்றுதான்.
ஒரு கோடு கூடாது, ஒரு கோடு குறையாது.
வாய் திறக்கும்வரை
எது என்று யாருக்கும் தெரியாது.

பனி முழங்கால்வரை கிடந்த செவ்வாய்க்கிழமை
ஹிரானுமா வந்தார்.
தனியாகச் செத்துப்போனவர்களின் அறைகளைக்
கழுவிக் காலிசெய்து கொடுக்கிற வேலை.
சிலரை மூன்று நாளில் கண்டுபிடிப்பார்களாம்,
சிலரை மூன்று மாதம் கழித்து.
பையில் ஐந்து சட்டைகள்.
கூடவே, ஸ்டேஷன் பக்கத்துக் கடை
திருப்பி அனுப்பிய சீட்டு:
ஏற்பதற்கில்லை, மன்னிக்கவும்.
காரணம் என்ற இடத்தில் அந்தச் சொல்.

சீட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.
"அவ்வளவா படிக்காதவன் நான்.
இதை எப்படி வாசிக்கணும்?"

படிக்காதவரா.
கோட்டுப் பையில் பென்சில் செருகிய
குறுக்கெழுத்துப் புத்தகம் எட்டிப்பார்த்தது.

சட்டைகளை விளக்கடியில் விரித்தேன்.
கைமடிப்பு, கக்கம், பொத்தான் துளை.
ஒன்றுமில்லை.
அவரே ஏழெட்டு முறை துவைத்திருக்கிறார்,
நைந்த துணி வழியே மேசை தெரிந்தது.
முகர்ந்து பார்த்தேன். சோப்பு.
சோப்பு மட்டும்.

என் அப்பாவை எரித்துவிட்டு வந்த இரவு
நானும் வாசலில் நின்றேன்.
கொடுத்தனுப்பிய உப்புப் பொட்டலத்தைப் பிரித்து
மார்பில், முதுகில், காலடியில் தூவிக்கொண்டு
அப்புறம்தான் உள்ளே போனேன்.
அப்பாவிடமிருந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.
காலையில் பார்த்தால்
கறுப்பு உடையில், பனி ஈரத்தில் கரைந்து காய்ந்து
வெள்ளை வெள்ளையாய்த் திட்டுகள்.
தீட்டு போக, திட்டு மிச்சம்.
இரண்டு முறை அலசியும் தோளில் ஒன்று போகவில்லை.
ஐந்தாவது கட்டத்தில் நானே டிக் போட்டேன்,
அன்றைக்கு எனக்கு வாசிப்பதில் சந்தேகமே வரவில்லை.

பேனாவை எடுத்தேன்.
குழந்தைகள் புத்தகத்தில்
கடினமான எழுத்தின் தலைமேல்
ஒலியைப் பொடியாக எழுதித் தருவார்களே,
அதுபோல, அடுத்த கடைக்காரரின் சீட்டில்
யோ. கொ. ரே.
"அழுக்குதான். எங்ககிட்ட போகும்."

கண்ணாடியை மாட்டி வாசித்தார்.
நம்பினாரா, தெரியாது.
ஆயிரத்து நூறு யென்,
சில்லறையாகத் தட்டில் எண்ணி வைத்தார்.
சீட்டை மடித்துக்
குறுக்கெழுத்துப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டார்.

இல்லாத அழுக்கை உண்டு என்று எழுதிக்கொடுத்தேன்.
பொய்தான்.
பொய் படிகிற கை
எந்த வாசிப்பில் சேரும் என்று யோசித்தபடி
மெஷினுக்குள் சட்டைகளைப் போட்டேன்.
தண்ணீர் தெளிவாகவே சுழன்றது.

உள்ளேயிருந்து முதலாளியம்மா:
"கயோ, வாசல்ல கொஞ்சம் உப்பு போடு."

வாசலில் உறைபனியும் இருந்தது.
போன வாரம்தான் தபால்காரர் வழுக்கி விழுந்தார்.
எதற்கு உப்பு என்று நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.
கை நிறைய அள்ளிக்கொண்டு போனேன்.
படியில் அவருடைய பூட்ஸ் தடம்,
போனது ஒன்று, வந்தது ஒன்று.
அவற்றை மட்டும் விட்டுச் சுற்றிலும் தூவினேன்.

மிதித்து இறுகின இடம்தானே அதிகம் வழுக்கும்,
அதைப் போய் விட்டிருக்கிறாயே என்று
முதலாளியம்மா திட்டினாள்.