எண்பதடி ரோட்டில் மத்தியதரைக் கடல்

கோர்ட்டிலிருந்து வெளியே வரும்போது மணி இரண்டே கால்.
பசி இருவருக்கும் பொதுவாக இருந்தது.
பங்கு பிரிக்காமல் விட்டுப்போனது அது ஒன்றுதான்.
"சாப்பிட்டுப் போவமா" என்றான் மலைராசன்,
ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டு.

எங்கே என்பதுதான் சிக்கல்.
மேலமாசி வீதியில் இலை போட்டால்
எதிர் இலையில் என் சித்தப்பா இருப்பார்.
சிம்மக்கல்லில் கறிதோசை என்றால்
கல்லாவில் அவன் பள்ளித்தோழன்.
கோரிப்பாளையம் மெஸ்ஸில் பரிமாறுகிற அக்காவுக்கு
எங்கள் கல்யாண விருந்து அயிட்டம் அயிட்டமாக மனப்பாடம்.
சொந்தக்காரர் யாரும் நுழைய வாய்ப்பில்லாத இடம் தேடி
அண்ணாநகரில் டைல்ஸ் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி ஏறினோம்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.

கடலைச் சேராத ஆறு ஓடுகிற ஊரில்
சுவர் முழுக்க ஒரு கடல்.
நீலமென்றால் அப்படி ஒரு நீலம்.
மூலையில் மட்டும் ஏசித் தண்ணீர் கசிந்து
பழுப்பாக ஒரு தீவு உண்டாகியிருந்தது.
வாசலில் பூசணிக்காய்க்குப் பதிலாக
கண்ணாடியில் செய்த ஒற்றைக் கண்.
யார் கண்ணும் படாமலிருக்கவாம்.
எங்கள் மேல் படவேண்டியதெல்லாம் பட்டு முடிந்திருந்தது.

நெற்றியில் இறங்க இறங்கச் சிவப்புக் குல்லாயை
ஏற்றிவிட்டபடி வந்தவன் சட்டையில்
சேவுகன் என்று எழுதியிருந்தது.
மேலூர்ப் பக்கமா என்றேன். கொட்டாம்பட்டி என்றான்.
மெனுவில் எதையும் எங்களால் உச்சரிக்க முடியவில்லை.
அவனுக்கும் அப்படித்தான், ஆனால் கூச்சம் இல்லை.
"ரெண்டு பேருக்குன்னா மெஸ்ஸே தட்டு சரியா இருக்கும்க்கா,
ஜோடியா வர்றவங்க இதத்தான் கேப்பாங்க."
மெஸ்ஸுக்குத் தப்பி வந்த எங்களுக்கு மெஸ்ஸே.
மலைராசன் தண்ணீர் குடித்தான், ஒரே மூச்சில்.

சுளகு அகலத்துக்கு ஒரே தட்டு வந்தது.
சுட்ட கத்தரிக்காய் மசியல், அம்மா செய்வதுதான்,
புளி மட்டும் எலுமிச்சைக்கு வழிவிட்டிருந்தது.
தயிரில் வெள்ளரி.
நடுவில் வழுவழுவென்று ஒன்று, எண்ணெய் மின்ன.
விரலால் தொட்டு நக்கிவிட்டு
"சுண்டலை அரைச்சு வச்சிருக்கான்" என்றான்.
"வேற என்னமோவும் இருக்கு."
சேவுகன் குனிந்து ரகசியம் போலச் சொன்னான்:
"எள்ளுண்ணே. எள்ளு அரைச்சு ஊத்துறது."

நேற்றிரவு போனில் என் அண்ணன் சொன்னது:
"எள்ளும் தண்ணியும் தெளிச்சாச்சுன்னு நெனச்சுக்க."
மேசையில் இரண்டும் இருந்தன.
எள் ருசியாக இருந்தது என்பதை
யாரிடம் போய்ச் சொல்வது.

ரொட்டி ஒன்றுதான், தலையணைபோல் உப்பி.
அவன் ஒரு முனை, நான் ஒரு முனை.
பிய்த்ததும் நடுவிலிருந்து ஆவி கிளம்பி
அவன் கண்ணாடியை மறைத்தது.
துடைத்துவிட என் முந்தானை பாதி தூரம் போய்
பிறகு என் வாயைத் துடைத்துக்கொண்டது.

பச்சை ஆலிவ் ஒன்றைக் கடித்து
நெல்லிக்காய் என்று நம்பி ஏமாந்த முகம் அவனுக்கு.
ஏழு வருஷத்தில் பார்க்காத முகமில்லை,
ஆனாலும் சிரித்துவிட்டேன். அவனும்.
அத்தோடு சரி.
ஊறுகாய் இருக்கா என்று கேட்டான்.
மாங்காயா நார்த்தங்காயா என்றான் சேவுகன்,
துருக்கியை ஒரு நொடியில் கைவிட்டு.

அடுப்பருகே கம்பியில் சுழலும் கறியை
ஒருவன் சீவிக்கொண்டேயிருந்தான்.
வெந்த பக்கம் மட்டும் உதிர்ந்தது.
உள்ளே வேகாதது
தன் முறைக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பில்லு ஒண்ணாவா, தனித்தனியாவா?"
காலையில் ஜட்ஜ் கேட்டதைவிட லேசான கேள்வி.
பதில் சொல்லத்தான் நேரமானது.

இடுப்புச் சிறுத்த டம்ளரில் பால் இல்லாத டீ, இலவசமாம்.
பிடிக்கக் காது இல்லை, சுட்டது.
மலைராசன் தண்ணீர் டம்ளரைக் காலி செய்துகொண்டு
தன் டீயை ஆற்றத் தொடங்கினான்,
பெரியார் பஸ் ஸ்டாண்டு உயரத்துக்கு.
அடுத்த மேசைக் கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
முடித்துவிட்டு, வழக்கம்போல,
என்னுடையதற்குக் கை நீட்டுவான்.

அதற்குள் சூடாகவே குடித்துவிட்டேன்.
இன்றைக்கு வியாழன்.
நாக்கு இன்னும் சொரசொரக்கிறது.