ஒன்றிலிருந்து நான்கு வரை

சாட்ஸ்வொர்த். ஜூன் மாத மாலை. பள்ளி நூலகம்.
இருபது ஆசிரியர்கள், ஒரு தட்டு சமோசா.
பயிற்சியாளர் நொம்புசோ ஒரு காணொளியைப் போட்டார்:
நான்கு பிள்ளைகள் அட்டையில் பாலம் கட்டுகிறார்கள்.
'கூட்டுழைப்பு. ஒன்றிலிருந்து நான்கு வரை. போடுங்கள்.'

பேசிக்கொண்டே இருந்த பையனுக்கு நான்கு போட்டேன்.
ஓரத்துப் பெண்ணுக்கு ஒன்று.
வாயே திறக்கவில்லையே!
பக்கத்தில் கோகிலாம்பாள் மூட்லி
நேர்மாறாகப் போட்டிருந்தார்.
ஒரே படம், ஒரே அட்டவணை.
தேநீர் ஆறும்வரை சண்டை.

'மறுபடி பார்ப்போம். சத்தமில்லாமல்.'

ஒலி நின்றதும் பையன் சிறுத்துப்போனான்.
ஒட்டுநாடாவின் முனை தொலைந்துவிடாமல்
அவள் கட்டைவிரல் பிடித்திருந்தது.
கேட்கும் முன்பே கத்தரிக்கோல் நகர்ந்தது.
பாலம் சாய்ந்த நொடியில்
மூவரும் ஒருவரையொருவர் பார்க்க
அவள் குனிந்து
பாலத்தின் அடியைப் பார்த்தாள்.

பத்தொன்பது வருடம் கணக்குப்பதிவியல்.
பற்றையும் வரவையும்
ஒரு சென்ட் பிசகாமல் பார்த்தவன் நான்.
போன வருடம் கடைசி பெஞ்சில் தண்டேகா.
'பங்கேற்பு: குறைவு.'
என் கையெழுத்துதான், சிவப்பில்.

ஒன்றை அடித்து மூன்று என்று எழுதினேன்.
நான்கு போட
ஏனோ இன்னும் மனம் வரவில்லை.

ஆறு மணிக்கு மின்சாரம் போனது.
நாட்டில் அதுவாவது அட்டவணைப்படி நடக்கிறது என்று
நாங்கள் சிரித்து, திட்டி, மறுபடி சிரிக்க
யாரோ கைபேசி விளக்கை மேல்நோக்கி வைத்து
அதன்மேல் ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்தியிருந்தார்கள்.
சுவரெல்லாம் வெளிச்சம்.

யாரென்று நான் கவனிக்கவில்லை.