புள்ளி வைக்காத எழுத்து

மாலை இடியில் குளுகோர் முழுக்க
ஒருமுறை கண்மூடித் திறந்தது.
அந்த ஓர் இமைப்பில்
எங்கள் லேசர் சுருதி தப்பிவிட்டது.

கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று
பிறை தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான்.
இந்த மேசையில்
ஒரு மாத்திரைக்குள் அடங்கும்
மூன்று லட்சம் கோடித் துடிப்புகள்.
அவற்றில் இரண்டைப் பிடித்து
ஒரே கணத்தில் தங்கத்தின் மேல் விழவைக்க வேண்டும்.
ஒன்று முந்தினால் நடுத்திசையில் இருட்டு.
பிந்தினாலும் அதே இருட்டு.

கண்ணாடியை நகர்த்துகிறேன்.
ஒரு மில்லிமீட்டருக்கு
ஏறக்குறைய ஏழு பிக்கோநொடி.
குளிர்விப்பான் முனகுகிறது.
பாதுகாப்புக் கண்ணாடிக்குள் மூக்கு வியர்க்கிறது.

தங்கம்தான். ஆனால் வளையல் தங்கமில்லை.
மயிரிழையை ஆயிரமாய்க் கீறினால்
ஒரு கீற்று எவ்வளவோ அவ்வளவு.
மஞ்சளை எப்போதோ கைவிட்டுவிட்டது.
ஒளி தொட்ட மாத்திரத்தில்
அதன் எலக்ட்ரான்கள் மட்டும்
ஆயிரம் ஆயிரம் பாகையில் கொதிக்கும்.
உடம்புக்குச் சேதி போய்ச் சேர்கையில்
வெறும் வெதுவெதுப்பு.

சியூ லியாங் செதுக்கிய சில்லில் மூன்று வயல்கள்.
வட்டங்கள்.
மடங்கிய மூலைகள்.
மேலே வாய்திறந்த சதுரங்கள்.
“யூ” என்றான் அவன்.
“புள்ளி உதிர்ந்த பா,” என்றாள் நோராஸ்லின்,
ஜாவியில் கையெழுத்துப் போடுகிறவள்.
எனக்கு அது ப. மூலை, ட.
வட்டம் வெறும் புள்ளி.
அவள் எழுத்தில் புள்ளி பெயர் கொடுக்கும்,
என் எழுத்தில் உயிரை எடுத்துவிடும்.

இங்கும் அப்படித்தான்.
வட்டத்தில் இடமும் வலமும் ஒன்று,
தள்ளியதும் இழுத்ததும் கழிந்துபோய் மௌனம்.
ஒருபக்கம் திறந்துகிடக்கும் ப-தான்
இரண்டு சிவப்பை விழுங்கி
ஓர் ஊதாவைத் துப்பும்.
இரு மடங்கு கொடுத்தால் நான்கு மடங்கு தரும்.
ஆசைப்பட்டு இன்னும் ஏற்றினாலோ
உருகி, உருண்டு,
தானும் புள்ளியாகிவிடும்.
போன மாதம் அப்படி ஒரு வயலையே
நான் தீர்த்துக்கட்டினேன்.

மூன்று நாற்பதுக்குச் சிக்கியது அந்தக் கணம்.
திரையில் கோடு குத்தென எழுந்தது.
ப பேசியது. ட இன்னும் கொஞ்சம் உரக்க.
ஒப்பீட்டுக்காக வட்டங்களுக்கு வந்தேன்.
சுழி, சுழி, சுழி,
பதினான்காம் வரிசையில் ஒன்பதாவது
முணுமுணுத்தது.

உருப்பெருக்கியில் பார்த்தால்
பிசின் உரிக்கையில் ஓரம் உடைந்த வட்டம்.
லியாங்குக்குப் படம் அனுப்பினேன்.
தூங்காமல்தான் இருந்திருக்கிறான்:
“அது ரிஜெக்ட். கணக்கில் சேர்க்காதே.”
சேர்க்கவில்லை.
நோட்டில் வரிசையையும் எண்ணையும் மட்டும்
சிவப்பு மையில் எழுதி,
பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல்
மூடினேன்.

சுங்கை டுவா அடுக்ககத்தில்
லிஃப்ட் கதவு சாத்தும் வேளை
ஒரு கை குறுக்கே வந்தது.
குணாளன். பாயான் லெப்பாஸ் இரவு ஷிப்ட் முடிந்து.
ஒன்பது நாளாய்
நான் நுழைய அவன் கிளம்பியிருப்பான்,
அவன் நுழைய நான்.
சட்டையில் சால்டர் வாடை.
கையில் ரொட்டி பொட்டலம், ஒருவருக்கு மட்டும்.
பன்னிரண்டாம் மாடிவரை பேச எதுவும் இல்லை.
ஏழைத் தாண்டும்போது
எதற்கென்று தெரியாமல்
இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.