எண்பது மீட்டர் வெயில்

எறும்புகள் கடந்துவிட்டன.
மூட்டம் விலகுமுன்பே
புல்வெளியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை
கறுப்புக் கயிறொன்று தானாக நகர்ந்து போயிற்று.
பின்னால் வந்த பறவைகள்
கடைசி மரத்தில் நின்றுவிட்டன.

வெள்ளைத் தாடி, செம்பழுப்பு வால்,
உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பு.
எறும்புப் படை கிளப்பிவிடும் பாச்சையும் வெட்டுக்கிளியும்தான்
அவற்றுக்குச் சாப்பாடு.
சாப்பாடு எண்பது மீட்டர் தள்ளிப் போய்விட்டது.
கத்துகின்றன.
கிளை நுனிக்கு வருகின்றன.
அலகில் வெயில் பட்டதும்
கை சுட்டுக்கொண்ட குழந்தை மாதிரி
உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

சிறகு இருக்கிறதே என்றான்
சாவ் பாவ்லோவிலிருந்து புதிதாக வந்திருந்த மாணவன்.
கால் இருக்கிறதென்று
ஆற்றின் மேல் நடக்கிறோமா?
அதை நான் அவனிடம் சொல்லவில்லை.
வேறொன்றையும் சொல்லவில்லை:

இந்தப் புல்வெளியைத் திறந்தவர்களில் நானும் ஒருவன்.
மனாவுஸிலிருந்து லாரியில் ஏற்றி வந்தார்கள்.
பத்தொன்பது வயது, நாள்கூலி, டீசல் நாறும் ரம்பம்.
பெருமரம் ஒன்று சாய்ந்தால்
வானம் இறங்கித் தரையில் உட்காரும்.
அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.
பொய் சொல்வானேன்.
பத்து ஹெக்டேரை மட்டும் சதுரமாக விடச் சொன்னார்கள்.
விட்டோம்,
தட்டில் யாரும் எடுக்கக் கூசுகிற
கடைசித் துண்டு போல.

அதே கை இப்போது வலை விரிக்கிறது.
முதலில் கால், பிறகு சிறகு, கடைசியில் தலை,
இந்த வரிசையில்தான் பிரிக்க வேண்டும்.
துணிப்பை. தராசு. பதினெட்டு கிராம்.
வளையம்.
ஜுராசி, எண்ணை உரக்கச் சொல் என்பாள் வால்டெனீஸி.
சொல்வேன். எழுதுவாள்.

முதல் வருஷம் சதுரத்துக்குள் ஏகக் கூட்டம்.
வெட்டிய இடமெல்லாவற்றிலிருந்தும் ஓடிவந்து குவிந்தவை.
‘செழிப்பு’ என்று ஓரத்தில் யாரோ எழுதினார்கள்,
அகதி முகாமைப் பார்த்துத்
திருவிழா என்றாற்போல.
மறு வருஷம் வலையில்
பறவையைவிட இலைதான் அதிகம் விழுந்தது.
படையெறும்புக்குப் பத்து ஹெக்டேர் எம்மாத்திரம்,
ஒரு வாய்ச் சோறு.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்.
இந்த வெயில் தேயவில்லை.

தேய்ந்தது மாட்டு விலை.
கடனும் நின்றது.
முதலாளி மாடுகளை ஏற்றிக்கொண்டு போனார்,
படலைக்கூடச் சாத்தவில்லை.
வவ்வால் எச்சத்திலிருந்து எம்பாவுபா முளைத்தது.
குடை போல இலை, உள்ளே வெறும் பொள்ளல்,
படகுக்கு ஆகாது, கதவுக்கு ஆகாது.
நிழலுக்கு ஆயிற்று,
ஓட்டை விழுந்த பாய் அளவுக்கு.

எல்லாம் திரும்பவில்லை.
தரையில் சருகு புரட்டித் தின்கிற ஒன்று இருந்தது,
தவிட்டு நிறம், யாரும் படமெடுக்க மெனக்கெடாதது.
அதன் வரிசையில் வால்டெனீஸி
வருஷா வருஷம் ஒரு கோடு இழுக்கிறாள்.
கோடு இழுக்கும்போது மட்டும்
அவள் மேலே பார்ப்பதில்லை.

பன்னிரண்டாம் வருஷம், மழை தொடங்கிய வாரம்,
சதுரத்தின் ஓர வலையில் ஒரு வெள்ளைத் தாடி.
காலில் வளையம்.
எண்ணைப் படித்தேன்.
தப்பாகப் படிக்கிறாய் என்றாள்.
கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தேன்.
மூன்று வருஷம் முன்பு
அந்தப் பக்கத்துப் பெருங்காட்டில்
நானே மாட்டிய வளையம்.

வலை எந்தப் பக்கம் தொங்குகிறதென்று பார்த்தால்
பறவை போன திசை தெரிந்துவிடும்.
பார்த்தேன்.
அது வந்துகொண்டிருக்கவில்லை.
எப்போதோ வந்து,
திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

எந்தக் கட்டத்தில் எழுத, காடா, சதுரமா?
இரண்டிலும் எழுது என்றேன்.
இரண்டிலும் எழுதக் கூடாது என்றாள்.
பேனா நின்றது.
கையைத் திறந்தேன்.
உடனே போகவில்லை அது,
கட்டைவிரலை நன்றாகக் கடித்துவிட்டுப் போயிற்று.