2311

கோயில் ஆபீசுக்கு நான் எழுதிக்கொடுத்தது
ஒரே ஒரு வரி:
கடைசி எண் எதுவோ அதோடு ஒன்றைக் கூட்டு.

கல்யாணமானால் ஒரு புள்ளி.
புள்ளிக்கு ஒரு வரிசை எண்.
வரி ரசீது, பிரசாதம், கூட்டத்துக்கு அழைப்பு
எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துத்தான் வீடு சேரும்.

ஆவணி முகூர்த்தம்.
காரைக்குடியில் ஒரு ஜன்னல், தேவகோட்டையில் ஒரு ஜன்னல்.
மாலை வாங்க வந்த இரண்டு வீட்டாரும்
ஒரே நொடியில் கேட்டுவிட்டார்கள்.
கடைசி எண் 2306 என்று
இருவரிடமும் உண்மையைத்தான் சொன்னது கணினி.
இரண்டு ஜோடி, ஒரே 2307.
ராத்திரி பத்து மணிக்கு ஃபோனில் வயிரவன்:
"யார் வீட்டுப் பிரசாதத்தை யார் வீட்டுக்கு அனுப்ப?"

செக்காலை ரோட்டு மாடி அறையில்
கொசுக்கடியோடு மாற்றினேன்.
இனி யாரும் கடைசி எண்ணை எட்டிப் பார்க்க வேண்டாம்.
சீக்வென்ஸ் என்று ஒன்று.
கேட்டால் கொடுக்கும்.
திருப்பிக் கொடுத்தால் வாங்காது,
கண்டக்டர் கிழித்த டிக்கெட் மாதிரி.

பத்து நாள் சத்தமில்லை. பிறகு
"2310 இருக்கு, 2312 இருக்கு,
நடுவிலே ஆளைக் காணோமே?"

தேடினேன்.
சேவுகன் என்று அவர்தான் டைப் செய்திருக்கிறார்.
பாதியில் பெண் வீட்டிலிருந்து ஃபோன்.
ரத்து.
பெயர், ஊர், முகூர்த்த நேரம்
எல்லாம் வந்த வழியே திரும்பிவிட்டன,
எண்ணைத் தவிர.

"ஒன்றைக் குறைத்து நெருக்கிப் போடுங்களேன்."
"2312இல் மூன்று ரசீது தொங்குது, அண்ணே."
"அப்ப மொத்தம் எத்தனை புள்ளி?"
"எண் வேறு, எண்ணிக்கை வேறு."
சொன்ன பிறகு கூச்சமாக இருந்தது.
தத்துவம் பேச நினைக்கவில்லை,
மேனுவலில் ஏழாம் பக்கத்தில் இருப்பதுதான்.

தையில் சேவுகன் வந்தான்,
வேறொரு பத்திரிகையோடு.
அன்று பிரிண்டர் பார்க்க நானும் போயிருந்தேன்.
திரை 2398 என்றது.
வயிரவன் தன் நோட்டைப் புரட்டினார்.
பென்சிலில் 2311, எதிரே வெறும் கோடு.
பழைய எண் கிடைக்குமா என்று அவன் கேட்கவில்லை.
அப்படி ஒன்று
தன் பெயரில் அரை நிமிஷம் இருந்ததே
அவனுக்குத் தெரியாது.

ரப்பரை எடுத்தார்.
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.
பிறகு டிராயருக்குள் போட்டு மூடினார்.

ஜன்னலில் அடுத்த வீட்டார்.
2399.