செவ்வாய்க்கிழமைக் கணக்கு

ஆரல்வாய்மொழிக் காற்று
பசுமைக்குடிலின் தோளைப் பிடித்து உலுக்குகிறது.
உள்ளே வியர்வை மட்டும்.
நூலைப் பற்றி வெள்ளரி ஏறிக்கொண்டிருக்கிறது.

இலையைத் திருப்புகிறேன்.
மேலே பச்சை. கீழே
திருநீறு உதறின மாதிரி.
விரல் பட்டதும்
திருநீறு எழுந்து பறக்கிறது.

பத்துச் செடி, செடிக்கு மூன்று இலை.
லென்சைக் கண்ணோடு ஒட்டி
நோட்டில் பென்சில் கோடு கிழிக்கிறேன்.
போன செவ்வாய், இலைக்கு நாலு.
இன்று ஒன்பது.

மருந்துக்கடை ஐயாக்குட்டி
பைக்கை அணைக்காமலே சொன்னார்:
"சவத்த, ஒரு அடி அடிச்சா தீர்ந்துபோவும்லா."

போன வருஷம் தக்காளிக்கு
நாலு நிறப் புட்டி, நாலு அடி.
ஐந்தாம் தடவை
மருந்துத் துளியின் ஓரத்தில் உட்கார்ந்து
ஒரு பூச்சி கால் துடைத்ததைப் பார்த்தேன்.
செத்துக் கிடந்தவை சிலந்திகள்.

அதனால்தான் ஜஸ்டஸ்
கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு வைத்தார்.
முதலாவதைச் சாத்தாமல் இரண்டாவதைத் தொட்டால் ஏசுவார்.
வேலியோரத் துத்தியை வேரோடு பறிக்கச் சொன்னார்.
என் மஞ்சள் சேலையையும் விடவில்லை:
"அது பூச்சிக்குப் பிடிச்ச நிறம் கேட்டியா,
நீயே வண்டியா ஏத்திக்கொண்டு வராதே."
உண்மைதான். ஒருநாள் முந்தானையை உதறினேன்,
எழும்பின முப்பது, நாற்பது.

பிறகு தபாலில் ஒரு சீட்டு வந்தது.
அதில் மிளகுப்பொடி ஒட்டியிருந்தது.
குளவி என்றார்.
கொட்டாத குளவியை நான் அறிந்ததில்லை;
இதைப் பார்க்கவும் முடியவில்லை.
விளக்கெண்ணெய் பூசிய மஞ்சள் அட்டைகளைக் கழற்றினோம்,
விருந்துக்கு வந்ததும் ஒட்டிக்கொள்ளும் என்று.
வேப்பெண்ணெய், சோப்பு எதுவும் தொடவில்லை.

ஒன்பது பதினொன்றானது.
பதினொன்று பதினாலானது.
கூட்டுறவு வங்கியிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது.
நேற்று சாயங்காலம் ஜஸ்டஸ்
ஆணியிலிருந்து தெளிப்பானை இறக்கித்
துடைத்துக்கொண்டிருந்தார்.
துடைக்க அதில் ஒன்றுமில்லை.

இன்று காலை பன்னிரண்டாம் வரிசை, நடு இலை.
வெள்ளைக் கூட்டுப்புழுக்களுக்கு நடுவே
ஒரு கறுப்பு.
தூசி என்று ஊதினேன். போகவில்லை.
பக்கத்தில் இன்னொன்று,
முதுகில் வட்டமாய் ஒரு துளை,
உள்ளிருந்து யாரோ
வாசல் வெட்டிப் போன மாதிரி.

உள்கதவைச் சாத்தி, வெளிக்கதவைத் திறந்தேன்.
வாளியில் வெள்ளம் பிடித்துக்கொண்டு நின்றார்.
"எத்தனை?"

"பதினாலு."

குழாயைத் திருகாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"அதுல அஞ்சு கறுப்பு."

வாளி நிறைந்து வழிந்தது.