கீழ்விதைப்பு

பார்லி மட்டும் போதும் என்றான் ஹில்லர்.
விர்வே பதில் சொல்லவில்லை.
அவன் தார்த்துவுக்குப் போயிருந்த மே மாத நாளில்
காற்று ஓய்ந்த நேரம் பார்த்து
செங்குளோவர் விதையை விட்டுவிட்டாள்,
எக்டருக்கு எட்டுக் கிலோ.

ஜூனில் மழை இல்லை.
பார்லி முழங்காலோடு நின்றுவிட்டது.
அதன் நிழலில் அடங்கிக் கிடக்க வேண்டியது
கதிருக்கு மேல் ஏறிப் பூத்தது.
வரப்பில்லாத அந்த நிலம் முழுக்க
வண்டுகளின் இரைச்சல்.

அறுவடை எந்திரம் திணறும் என்று
வாய்விட்டே திட்டினான் அண்ணன்.
பீர் ஆலைக்குப் போன் போட்டு
இந்த வருஷம் இல்லை என்றதும் அவன்தான்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.
நான் தீவனம் உருட்டிக் கட்டுகிறவன்.
கதிர் பால் பிடித்திருந்தது.
தாளும் தழையுமாய்ச் சேர்த்தே அறுத்தோம்.
வெள்ளை பிளாஸ்டிக்கில் நாற்பத்தொரு உருண்டை.
ஆளுக்கொரு மூலையில் நின்று எண்ணினார்கள்,
எண்ணிக்கையை மட்டும் பேசிக்கொண்டார்கள்.

பாக்கிக் கூலிக்குப் பிப்ரவரியில் போனேன்.
இடுப்பளவு பனி.
தொழுவ வாசலில் ஹில்லர்
ஓர் உருண்டையைக் கத்தியால் கீறினான்.
புளித்த ரொட்டி வாசம்.
நசுங்கிய ஒரு பூ, ஓரத்தில் இன்னும் கொஞ்சம் ஊதா.
பசுக்கள் கழுத்தை நீட்டின, சங்கிலி அனுமதித்த வரை.

அந்தப் பூவை அவன் சட்டைப் பையில் போட்டதை
நான் பார்க்கவில்லை என்றே வையுங்கள்.

"இருபது யூரோ குறையுது" என்றேன்.
"விர்வேகிட்ட கேளு.
சீட்டெல்லாம் அவகிட்டதான்" என்றான்.
கத்தியை வைக்கோலில் துடைத்தபடி,
"அடுத்த வருஷ விதைக்கும்தான்."